எந்த ஊர் பீர் பெஸ்ட்? சண்டையில் பிறந்த மருத்துவம்

போன வாரம் எங்கள் பள்ளித் தோழர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு பெரிய சண்டை.

பெங்களூரு போய் வந்த நண்பன் ஒருவன், அங்கே சின்னச் சின்ன ஆலைகளில் அவங்களே காய்ச்சித் தரும் பீர்தான் உலகத்திலேயே பெஸ்ட் என்றான். ஜெர்மனியில் வேலை பார்க்கும் இன்னொருவன் விடவில்லை. "மியூனிக் பீர் குடிக்காதவன் எல்லாம் பீரைப் பத்திப் பேசக் கூடாது"ன்னு ஆரம்பிச்சான்.

நூறு மெசேஜ் தாண்டியதும் என்னை இழுத்துவிட்டார்கள். "டேய் டாக்டர், நீயே தீர்ப்பு சொல்லு. எது பெஸ்ட்?"

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் இந்தச் சண்டையின் வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், நான் வார்டில் நம்பியிருக்கும் மூன்று விஷயங்கள் "எந்த பீர் நல்ல பீர்?" என்ற கேள்வியைத் துரத்திப் போனவர்களிடம் இருந்து வந்தவை.

இது மதுவைப் புகழும் பதிவு அல்ல. கடைசி வரை படித்தால் உங்களுக்கே புரியும்.

வாங்க, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

முதலில், பீர் என்றால் என்ன?

பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுப்பார்கள். அதைச் சுடுநீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த நீரை ஹாப்ஸ் என்ற கசப்பான பூவோடு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் நொதிக்கும். நம்ம இட்லி மாவு பொங்குவதும் நொதித்தல்தான். இதில் ஆல்கஹால் சேரும் அளவுக்குப் போகிறது.

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். முதல் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

திருநெல்வேலிக்காரர்களிடம் அல்வா பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது தாமிரபரணித் தண்ணிங்க, வேற ஊர்ல வராது" என்பார்கள். அதே பேச்சுதான் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முழுக்க நடந்தது.

லண்டன்காரர்களுக்குக் கறுப்பு பீர். போர்ட்டர் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் சுமை தூக்கும் தொழிலாளிகள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர் அது. டப்ளினில் 1759இல் ஆர்தர் கின்னஸ் ஆரம்பித்த ஆலையும் பின்னாளில் கறுப்பு பீருக்குத்தான் பேர் வாங்கியது.

இங்கிலாந்தின் நடுவில் பர்ட்டன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே வெளிர் நிறத்தில், சுருக்கென்ற கசப்போடு பீர் வந்தது. 1820களில் இருந்து கப்பலேறி இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு வந்தது அந்த வகைதான். இன்றைக்கு பப்களில் "ஐபிஏ" என்று கேட்டு வாங்குகிறார்களே, அதன் "ஐ" நம்ம இந்தியாதான்.

செக் நாட்டு பில்சன் ஊரின் கதை இன்னும் சுவாரசியம். 1838இல் ஊர் பீர் கெட்டுப்போய்விட்டது என்று கோபப்பட்டு, 36 பீப்பாய் பீரை ஊர் மன்றத்துக்கு முன்னால் கொண்டுவந்து தெருவில் கொட்டினார்கள். பிறகு ஊரார் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவில் இருந்து யோசஃப் குரோல் என்பவரை அழைத்து வந்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியது பொன் நிறத்தில், தெளிவாக வந்தது. இன்று உலகத்தில் அதிகம் விற்கும் மஞ்சள் நிற லாகர் பீர்களுக்கு எல்லாம் பாட்டன் அதுதான்.

சரி, லண்டனில் கறுப்பு நல்லா வந்தது, பில்சனில் பொன் நிறம் நல்லா வந்தது. மாத்திச் செய்தால் ஏன் வரலை?

அந்தக் காலத்து ஆட்கள் "எங்க ஊர் கைப்பக்குவம்" என்றார்கள். உண்மையான பதில் கிணற்றுக்குள் இருந்தது.

லண்டன், டப்ளின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து பைகார்பனேட்டாக இருக்கிறது. பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். பில்சன் தண்ணீர் மழைத்தண்ணீர் போல மென்மையானது. பின்னாளில் வேதியியலாளர்கள் இதைக் கண்டுபிடித்ததும் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து பர்ட்டன் பீரைத் தங்கள் ஊரிலேயே காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊர்ப் பெருமையின் முதல் தூண் அங்கே சாய்ந்தது.

இரண்டாவது தூண் ஈஸ்ட்.

1516இல் பவேரியாவின் பிரபு ஒரு சட்டம் போட்டார். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், இந்த மூன்றைத் தவிர பீரில் எதுவும் சேர்க்கக் கூடாது. மியூனிக் நண்பன் பெருமையடித்தது இதை வைத்துத்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஈஸ்ட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! அது ஓர் உயிர் என்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1870-71 போரில் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோற்றது. லூயி பாஸ்டருக்கு அந்தக் கோபம் தீரவே இல்லை. ஜெர்மன் பீரைவிட நல்ல பீர் பிரான்சில் வர வேண்டும் என்று நுண்ணோக்கியோடு உட்கார்ந்தார். 1871இல் லண்டனின் ஒரு பெரிய ஆலைக்குப் போய், அவர்கள் ஈஸ்டை லென்ஸில் வைத்துப் பார்த்து, இதில் வேறு கிருமிகள் கலந்திருக்கின்றன, இந்த பீர் கெடும் என்றார். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனபோது அந்த ஆலை சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தது. 1876இல் பீருக்கு வரும் "நோய்கள்" பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

ஆனால் பிரச்சினையை முழுசாகத் தீர்த்தது டென்மார்க்.

கோபன்ஹேகனில் ஜேகப்சன் என்று ஓர் ஆலை முதலாளி. 1845இல் மியூனிக் போய் நல்ல ஈஸ்ட் வாங்கினார். குதிரை வண்டிப் பயணம். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் பாத்திரத்தின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 1847இல் ஆலை தொடங்கி, மகன் கார்ல் பெயரையே வைத்தார். அதுதான் கார்ல்ஸ்பெர்க்.

1875இல் அதே ஆலைக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். 1883இல் அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்தே மொத்தமும் பெருக வைத்தார். கலப்படமான காட்டு ஈஸ்ட்தான் பீரைக் கெடுக்கிறது என்று நிரூபணமானது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் பெர்லினில் ராபர்ட் கோக் இதே தனித்துப் பிரிக்கும் வேலையை நோய்க் கிருமிகளுக்குச் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தூய ஈஸ்டை ஜேகப்சன் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். மருந்துக் காப்புரிமை பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சரி டாக்டர், மூன்று விஷயம்னு சொன்னீங்களே?

ஒன்று. அதே கூடத்தில், அதே 1883இல், யோஹான் கெல்டால் தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று நைட்ரஜனை வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். உங்கள் குழந்தையின் சத்துமாவு பாக்கெட்டில் "புரதம் இத்தனை கிராம்" என்று பார்க்கிறீர்களே, அப்படி அளக்க இன்றும் அந்த முறை பயன்படுகிறது.

இரண்டு. அதே கூடத்தில் 1909இல் சோரன்சன் என்பவர் அமில, காரத் தன்மையை ஒரே எண்ணில் சொல்ல ஓர் அளவுகோல் செய்தார். அதுதான் பிஎச். நம் ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் முற்றி மூச்சு வாங்க வரும் நோயாளிக்கு நாங்கள் ரத்தம் எடுத்து முதலில் பார்க்கும் எண் இது.

லண்டன், பில்சன் புதிருக்கும் விடை இதில்தான் இருந்தது. பார்லி ஊறும் நீரின் பிஎச் ஐந்தரையை ஒட்டி இருந்தால் பீர் நன்றாக வரும். லண்டனின் காரத் தண்ணீரைக் கறுக வறுத்த பார்லியின் அமிலம் சரிக்கட்டியது. பில்சன் தண்ணீருக்கு அது தேவைப்படவில்லை. அவரவர் தண்ணிக்கு ஏத்த பீரை, காரணம் தெரியாமலே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்!

மூன்று. டப்ளின் கின்னஸ் ஆலையில் 1899இல் வேலைக்குச் சேர்ந்தவர் வில்லியம் காசெட். எந்தப் பார்லி நல்லது என்று சில வயல்களின் விளைச்சலை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்வது? குறைந்த மாதிரிகளை வைத்து எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு கணக்கு போட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்காததால் 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். நான் எம்பிபிஎஸ்ஸில் சமூக மருத்துவத் தேர்வுக்கு முட்டி மோதிப் படித்த "ஸ்டூடண்ட் டி டெஸ்ட்" அதுதான். "இந்த மருந்து நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல தற்செயலா?" என்று கேட்க இன்றும் அது உதவுகிறது.

இதுவரை பெருமைக் கதை. இனி வருவது நான் மறக்கக் கூடாத கதை.

1900. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி. கை கால் மரத்துப்போய், நடக்க முடியாமல் ஏழைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவர்கள் சுலபமாக ஒரு பெயர் வைத்தார்கள்: குடியால் வந்த நரம்புத் தளர்ச்சி. "குடிக்கிறான், வந்துடுச்சு" அவ்வளவுதான்.

எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர் மட்டும் இடறினார். விஸ்கி குடிப்பவர்களுக்கு ஏன் இது வரவில்லை? பீர் குடிப்பவர்களுக்கு மட்டும் ஏன்? தோல் ஏன் கறுத்துத் தடித்திருக்கிறது? பீரைப் பரிசோதித்தார். உள்ளே ஆர்சனிக்!

மலிவு பீருக்குச் சேர்த்த சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. 6,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள். ருசி பார்த்து "இதுதான் பெஸ்ட்" என்று சொன்ன எந்த நாக்குக்கும் அது தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த ஓர் இரவு, நாற்பது வயது கொத்தனார் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நினைவு இல்லை. பக்கத்தில் போனாலே சாராய வாடை. "போதை, தெளிஞ்சதும் எழுந்துடுவார்" என்று நானும் அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன். அவர் மனைவி மட்டும் "சார், எப்பவும் இப்படி ஆக மாட்டாரு சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வயதில் மூத்த செவிலியர் ஒருவர்தான் மெதுவாக, "டாக்டர், எதுக்கும் சுகர் பாத்துடலாமே" என்றார். பார்த்தோம். 34! சாப்பிடாமல் குடித்ததில் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. தயமினும் குளுக்கோஸும் ஏற்றினோம். சில நிமிடங்களில் கண் விழித்து மனைவி பெயரைச் சொன்னார்.

இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால்? அந்தச் செவிலியருக்கும், பேச்சை நிறுத்தாத அந்த அம்மாவுக்கும் நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

"குடிகாரன்" என்பது நோயின் பெயர் அல்ல. அப்படி முத்திரை குத்தியதும் மருத்துவரின் கண் மூடிக்கொள்ளும். மான்செஸ்டரில் நடந்தது அது. அன்றைக்கு என்னிடமும் நடந்தது அதுதான்.

சரி, குழுவில் என்ன தீர்ப்பு சொன்னேன்?

"டேய், தண்ணியை மாத்தலாம், ஈஸ்டைத் தூக்கிட்டுப் போகலாம். அதனால ஊரை வச்சுப் பெருமை பேசாதீங்க. ருசி உங்க உங்க நாக்கு. ஆனா உங்க கல்லீரலுக்கு மியூனிக்கும் தெரியாது, பெங்களூரும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது கிராம் கணக்கு மட்டும்தான்."

உடனே ஒருவன், "பீர்ல ஆல்கஹால் கம்மிதானே மச்சி?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கு போடுவோம்.

650 மில்லி பாட்டில், 5% பீர்: சுமார் 26 கிராம் ஆல்கஹால்.
அதே பாட்டில், 8% ஸ்ட்ராங் பீர்: சுமார் 41 கிராம்.
60 மில்லி விஸ்கி: சுமார் 20 கிராம்.

அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில் இரண்டு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். "நான் பீர் மட்டும்தான் சார்" என்று சொல்லி, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வருபவர்களை வார்டில் பார்க்கிறேன்.

மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

இன்னொன்று. தினமும் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்தோடு, படிப்படியாக, பாதுகாப்பாக நிறுத்தலாம். 104க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

வரும்போது தயங்க வேண்டாம். உங்களை யாரும் "குடிகாரன்" என்று கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டால், மான்செஸ்டர் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.


உங்கள் அரசு மருத்துவர்