காசியின் காலைத் துறைகள்

கங்கை காசியை அடைந்ததும் வடதிசை நோக்கித் திரும்பிப் பிறைபோல் வளைந்து பாய்வதாலும், நகரம் அதன் மேற்குக் கரையிலேயே அமைந்திருப்பதாலும், இங்குள்ள படித்துறைகள் யாவும் உதயசூரியனை நேர்முகமாக எதிர்கொள்கின்றன. ஆகவே இப்புராதன நகரைக் கண்டு மகிழ விழையும் தம்பதியர்க்கு விடியற்பொழுதினும் சிறந்த வேளை வேறில்லை.

அவர்கள் தசாசுவமேதத் துறையில் படகேறும்போது காணும் கற்படிகளின் கம்பீரம் ஆதிகாலத்தது அன்று; பெரும்பாலான துறைகள் பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியப் பிரபுக்களின் தர்மத்தால் புதிதாகக் கட்டப்பெற்றவை. 1669-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்ட விசுவநாதர் ஆலயத்தை, 1780-ஆம் ஆண்டளவில் அருகிலேயே மீண்டும் எழுப்பிய இந்தூர் அரசி அகல்யாபாயின் பக்தியும் அக்கைங்கரியத்தைச் சார்ந்ததே.

படகு நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே செல்லுமாயின், கேதார கட்டத்தில் செம்மையும் வெண்மையும் மாறிமாறித் தீட்டிய சுவர்களோடு ஒரு சிவாலயம் தோன்றும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, பதினேழாம் நூற்றாண்டில் காசிக்கு வந்து, மடம் நிறுவித் தமிழும் சைவமும் வளர்த்த குமரகுருபர சுவாமிகளின் திருத்தொண்டு நிலைபெற்ற இடம் அதுவே.

மராட்டியரும் தமிழரும் தத்தம் பொருளையும் வாழ்வையும் ஈந்து வளர்த்த இந்நகரம் பாரத தேசம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்பதை, அந்த ஒரு காலைப் பிரயாணமே ஐயமறத் தெளிவித்துவிடும்.