பங்குத் தோட்டம்: பயிர்க்காலத்துக்கு முன் ஒரு வரலாற்றுப் பார்வை

யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்தது கோயில் எழுந்த வரலாறு. அதை நம் பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் நம்மைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். கோயிலுக்குப் பின்புறம் உடைமரம் முளைத்துக் கிடக்கும் நிலத்தில், யூபிலி நினைவாக ஒரு பொதுத் தோட்டம் போடவேண்டும் என்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. குடும்பங்கள் பலவும் பெயர் கொடுத்துவிட்டன. நமக்கு இதில் ஆசையும் உண்டு, அச்சமும் உண்டு. அச்சத்தின் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம். பலர் கூடி ஒரு நிலத்தை வைத்து நடத்துவது நமக்கு முன்னோர் பலரும் செய்து பார்த்த காரியம். அவர்கள் எப்படிச் செய்தார்கள், எங்கே தவறினார்கள் என்று தெரிந்துகொண்டு மண்வெட்டியைத் தொடுவது நல்லது.

பண்பொழி என்னும் பெயரே ஒரு தோட்டத்தின் பெயர். பைம்பொழில் என்பதுதான் மருவிப் பண்பொழி ஆயிற்று என்பர். பைம்பொழில் என்றால் பசுஞ்சோலை. திருமலைக் குன்றின் மேல் ஏறி நின்று பார்த்தவர்களுக்கு இப்பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேற்கே மலை சுவர்போல நிற்க, அடிவாரம் தொட்டுத் தென்னையும் நெல்லும் குளமுமாக விரிந்து கிடக்கும் காட்சி அது. திருநெல்வேலிச் சீமையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்திருக்க, செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று நமக்கு வைகாசிக் கடைசியிலேயே சாரலைக் கொண்டு வந்துவிடுகிறது. குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கும் அந்நாட்களில், மேக்கரையில் அனுமன் நதியை மறித்துக் கட்டிய 132 அடி உயர அடவிநயினார் அணையிலும் நீர் ஏறத் தொடங்கும். ஆதலால் நமக்குக் கார், பிசானம் என்று இரு சாகுபடி. தோட்டப் பயிருக்கோ ஆடிப்பட்டம் இருக்கவே இருக்கிறது.

சாரல் இறங்கியபின் தயாரிப்பு என்று ஒன்று கிடையாது. செய்யவேண்டியதெல்லாம் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் முடிந்திருக்க வேண்டும். கோடை உழவு, ஆட்டுக்கிடை போடுதல், தொழு உரம் அடித்தல், வரப்புச் செதுக்குதல் ஆகியவற்றை அவரவர் தம் நிலத்தில் தாமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாய்க்காலை ஒருவர் தனியாக வெட்ட முடியாது. மேல்மடைக்காரர் தம் பங்கைத் தூர்வாராவிட்டால் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் இல்லை. இதற்காக நம் முன்னோர் கண்ட ஏற்பாடுதான் குடிமராமத்து. குளத்தின் பாசனத்தில் நிலம் உள்ள குடிகள் எல்லாரும், மழைக்கு முன் ஒரு நாள் குறித்து, நிலத்தின் அளவுக்கு ஏற்ற ஆள் அனுப்பி, குளத்தையும் காலையும் தாங்களே செப்பனிடுவது. வாரிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. தண்ணீர் வந்தபின் முறை வைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். அவருக்குக் கூலி அறுவடைக் களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் மனக்கணக்கு.

இந்த வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே தளரத் தொடங்கிவிட்டது. ஆங்கில அரசு 1858-இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டு வந்தது. ஊர் வழக்கப்படி வரவேண்டியவர் தக்க காரணமின்றி வராவிட்டால், அவர் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். சட்டம் வந்தது, வழக்கம் திரும்பவில்லை. தானாக வந்தவனை அபராதம் காட்டி வரவழைக்க வேண்டிய நிலை வந்தபோதே காரியம் பாதி கெட்டுவிட்டது என்பது நம் எண்ணம். பின்னாளில் கிணறும் பம்புசெட்டும் வந்தன. சொந்தமாகத் தண்ணீர் எடுப்பவனுக்குப் பொதுக் குளம் எதற்கு? தமிழக அரசு 2017-இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் குளங்களைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் பழையது, பணம் அரசுடையது.

பழையதை எல்லாம் பொற்காலம் என்று புகழ்வதும் சரியன்று. குடிமராமத்துக்கு ஆள் அனுப்பியவர் ஒருவர், இறங்கி வெட்டியவர் வேறொருவர் என்பதும் இருந்தது. நிலமில்லாத ஏழை, அதிலும் தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர், வண்டலைச் சுமந்தார். அந்தக் குளத்துத் தண்ணீரில் அவருக்கென்று ஒரு பாத்தி இல்லை. பொது வேலை என்ற பெயரில் இப்படி நடந்ததை மறைத்துவிட்டு நாம் பொதுத் தோட்டம் பேசக்கூடாது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான். ஆனால் பாடத்தில் நம் கண்ணில் படாமல் போன ஒன்று உண்டு. அங்கே ஏரி வாரியம் இருந்தது போலவே தோட்ட வாரியம் என்று ஒன்றும் தனியாக இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழூர், தோட்டத்தைக் கவனிக்கத் தனிக் குழு வைத்திருந்தது என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. 30 குடும்புகளுக்கும் தனித்தனியே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். சம்வத்சர வாரியமே ஆண்டு முழுவதும் ஊர்க் காரியம் பார்க்கும் மேல் வாரியம். முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகியவர்களையே அதற்கு முதலில் எடுத்தார்கள். பாத்தி கட்டிப் பழகியவனிடம் ஊரைக் கொடுக்கலாம் என்று நினைத்தார்கள் போலும்!

நம்மை மிகவும் தொட்டது மற்றொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரும் கூடாது. திருடினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டவில்லை என்பதே போதும். இங்கும் ஒரு குறை உண்டு. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவருக்குத்தான் குடத்தில் இடம். விதி சிறந்தது, வட்டம் சிறியது.

திருச்சபை வரலாற்றிலும் இக்கதை உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த சட்டநூலின் 66-ஆம் அதிகாரம், தண்ணீரும் திரிகையும் தோட்டமும் மடத்துக்கு உள்ளேயே இருக்கவேண்டும் என்கிறது. 32-ஆம் அதிகாரம் முழுவதும் மடத்தின் கருவிகளைப் பற்றியது. யாரிடம் எதைக் கொடுத்தோம், எது திரும்பி வந்தது என்று மடத்தலைவர் பட்டியல் வைத்திருக்க வேண்டுமாம். நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் மாலை மணி அடித்ததும் மண்வெட்டியும் கையுமாகத் தோட்டத்துக்குப் போவோம். திரும்பும்போது ஒரு மண்வெட்டி குறையும். அதைத் தேடியே இருட்டிவிடும். ஆசீர்வாதப்பரின் அந்த அதிகாரத்தை அப்போது யாராவது நமக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டுப் பகுதியில், 1609 முதல் இயேசு சபைக் குருக்கள் குவாரானி மக்களோடு சேர்ந்து ஊர்கள் அமைத்தார்கள். அவை பின்னாளில் 30 ஊர்களாயின. அங்கே நிலம் இருவகை. குடும்பம் தனக்கென உழுவது அபம்பாயே, அதாவது மனிதனின் நிலம். எல்லாரும் கூடி உழுவது துபம்பாயே, அதாவது கடவுளின் நிலம். வாரத்தில் சில நாள் கடவுளின் நிலத்தில் வேலை. அதன் விளைச்சல் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் போயிற்று. அடுத்த பருவத்துக்கு விதையும் அதிலிருந்தே வந்தது. ஸ்பெயின் மன்னர் 1767-இல் இயேசு சபையாரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். பின் வந்த அதிகாரிகள் கையில் பொதுக் களஞ்சியம் நிலைக்கவில்லை. மக்களும் மெல்லச் சிதறினார்கள். அதிகாரிகள் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டும் களஞ்சியத்தின் மேற்பார்வை குருக்களிடமே இருந்ததே, குவாரானி மக்களிடம் அது முழுமையாக ஒப்படைக்கப்படவில்லையே என்பதையும் ஒரு குரு என்ற முறையில் நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

வேறு மாதிரி செய்தவர் பிரான்சு நாட்டின் வடக்கே, ஆசுபுரூக் என்ற ஊரைச் சேர்ந்த குரு ஜூல் லெமீர். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி 1891-இல் எழுதிய சுற்றுமடலின் தூண்டுதல் பரவிய காலம் அது. 1893-இல் அவர் பாராளுமன்ற உறுப்பினரானார். 1896-இல் ஒரு சங்கம் நிறுவி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு சிறு நிலம் கிடைக்கச் செய்தார். நிலம் சங்கத்துடையது, பாத்தி குடும்பத்துடையது, விளைச்சலும் குடும்பத்துடையதே. வேலியையும் தண்ணீரையும் பொதுவாக வைத்துப் பாத்தியைத் தனியாக விடும் இம்முறையே நமக்கும் ஏற்றது என்று தோன்றுகிறது. அவ்வழியில் வந்த தோட்டங்கள் பிரான்சில் இன்றும் இருக்கின்றன.

இனி நம் அச்சத்தின் காரணம். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் பங்குத்தந்தையாக இருந்தபோது இப்படியொரு தோட்டம் போட்டோம். கத்தரி, வெண்டை, சீனியவரை, ஓரத்தில் முருங்கை. முதல் பருவம் நல்ல விளைச்சல். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்றுப் பணம் சேர்ந்தது. மழைக்காலத்தில் கோயில் ஓடு ஒழுகியது; அந்தப் பணத்தை எடுத்து ஓடு மாற்றினோம். ஒரு காசுகூட நம் பைக்குள் போகவில்லை. ஆனால் செலவு செய்யுமுன் எவரையும் கேட்கவில்லை, செய்தபின் எவருக்கும் சொல்லவில்லை. கோயில் காரியந்தானே என்று இருந்துவிட்டோம்.

அடுத்த வைகாசியில், வாய்க்கால் வெட்ட எல்லாரும் வரவேண்டும் என்று ஞாயிறு பூசையில் அறிவித்தோம். சனிக்கிழமை விடிந்ததும் வந்தவர் இருவர். ஒருவர் கோயில்பிள்ளை, அவர் வராமல் இருக்க முடியாது. மற்றவர் ஒரு முதியவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “சாமி, கோயில் ஓடு நல்லாத்தான் இருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா” என்றார். நாங்கள் மூவரும் மதியம் வரை வெட்டினோம். வாய்க்கால் பாதியில் நின்றது. அந்த ஆண்டு சாரல் நன்றாகவே பெய்தது, தோட்டத்துக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. மறு ஆண்டு அங்கே ஆடு மேய்ந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் அதற்குமுன் படித்திருந்தோம்; தேர்வுக்காகப் படித்தோம்.

ஆகவே இம்முறை சிலவற்றைப் பேரவையோடு கலந்து முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறோம். தோட்டத்துக்குப் பங்குத்தந்தை தலைவர் அல்லர்; அவருக்கும் மற்றவரைப் போல ஒரு பாத்தி, அவ்வளவே. தோட்டக் குழுவுக்குச் சீட்டுப் போட்டு ஆள் எடுப்போம். புதுநன்மை வாங்கிய பிள்ளைகளில் ஆக இளையவள் சீட்டை எடுப்பாள். சொந்த நிலம் உண்டா என்ற கேள்வி இல்லை; பெண்கள் பெயரும் குடத்தில் உண்டு. மண் வெட்ட முடியாத முதியோரும் கைம்பெண்களும் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வார்கள். விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பதையும், கத்தரி நாற்று பிடுங்கும் பருவம் அறிவதையும் அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் நம்மில் யார்? கடைசி வரிசைப் பாத்தி இரண்டு பொதுப் பாத்தி. அதன் காய் சமைக்க ஆளில்லாத வீடுகளுக்கு. வேலிக்கும் விதைக்கும் ஆன செலவு உட்பட, வரவு செலவுக் கணக்கு மாதத்தின் முதல் ஞாயிறன்று பூசைக்குப் பின் வாசிக்கப்படும். அந்த நோட்டுப் புத்தகம் கோயில் வாசலில் கயிற்றில் தொங்கும். எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

மேக்கரை, வடகரைப் பக்கம் மலையிலிருந்து யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போவது நாம் அறிந்ததே. காட்டுப்பன்றி இன்னும் அருகே வரும். கிழங்கு வகை இந்த ஆண்டு வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறோம். முதலில் உடைமரத்தை வேரோடு பறிக்க வேண்டும். பின்பு உழவு. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டால் ஆடிக்கு நிலம் ஆயத்தம்.

வாய்க்கால் வேலை சித்திரை மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. கோயிலில் மண்வெட்டி நான்கு இருக்கிறது. எடுப்பவர் நோட்டில் பெயர் எழுதிவிட்டு எடுக்கவும். கடகப்பெட்டி அவரவர் கொண்டு வரவும்.