அடைக்கோழியும் ஆய்வுக்கூடமும்

நந்திக்கடல் நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பு முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் அங்கு முடிவுற்ற போர் மனித உயிர்களையும் உடைமைகளையும் கவர்ந்ததோடு வளவுக் கோழிகளையும் விட்டுவைக்கவில்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்வாதார உதவியாகக் கோழிகளும் வழங்கப்பட்டன. கணவரை இழந்த பெண்கள் பலருக்கு முட்டை விற்ற காசே கையிருப்பாயிற்று. ஆதலின் ஒரு குஞ்சு சாவது அங்கே சிறு செய்தியன்று.

பொறியிற் பொரித்த குஞ்சுக்கும் அடையிற் பொரித்த குஞ்சுக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுக்கு விளக்கப் புகுவோர் பின்லாந்திலிருந்து தொடங்குதல் தகும். 1971இல் அந்நாட்டு இறைச்சிக்கோழிகளிடையே சல்மொனெல்லா எனும் பற்றீரியா பரவியது. அதனை ஆராய்ந்த எஸ்கோ நூர்மியும் ரந்தலாவும் 1973இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. முதிர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டியபோது, சல்மொனெல்லா அவற்றின் குடலில் எளிதிற் குடியேறவில்லை. வேறு நுண்ணங்கிகள் முன்னரே இடம்பிடித்துவிட்டமையே காரணம். பொறிக்குஞ்சு தாயைக் காண்பதில்லை. அதன் குடல் வேலியில்லா வளவு. தாயோடு மண்ணைக் கிளறி, அதன் எச்சம் பட்ட இரையைக் கொத்தும் குஞ்சோ அவ்வேலியைத் தானே பெற்றுக்கொள்கின்றது. ஆய்வுக்கூடம் அரிதின் முயன்று கண்டதை அடைக்கோழி நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கின்றது!

ஆயினும் அடைக்கோழியை அளவிறந்து போற்றுதலும் தவறே. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் யாவாவிலும், அடுத்த ஆண்டில் இந்தியாவின் இராணிக்கேத்திலும் அறியப்பட்ட வைரசு நோயைக் குடல்வேலி தடுக்காது. தடுப்பு மருந்தே வேண்டும். குளிரூட்டி இல்லாத சிற்றூர்களை எண்ணி, வெப்பந்தாங்கும் மருந்தொன்றை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர்.

பரம்பரையலகு பற்றிய பாடம் இதனினும் கடினமெனக் கருதுவர். கோழியின் காலைக் காட்டினாற் போதும். 2004இல் சிவப்புக் காட்டுக்கோழியொன்றின் பரம்பரைத் தொகுதி, ஏறத்தாழ 100 கோடி எழுத்துகள், வாசிக்கப்பட்டு வெளியாயிற்று. வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே என்பது பழைய கருத்து. 2008இல் வெளிவந்த ஆய்வோ, மஞ்சட் காலுக்குரிய பரம்பரையலகு தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து கலந்ததெனக் காட்டியது.

இதனால் முட்டை பெருகுமா என வினவுவோருக்கு, இல்லை என்பதே நேரிய மறுமொழி. ஆனால் கலப்பு என்பது யாது என்பது விளங்கும். வெள்ளை லெக்கோன் போன்ற முட்டையினங்களில் அடைகாக்கும் இயல்பு மனிதரின் தெரிவால் பெரிதும் ஒழிந்துவிட்டது. அவ்வினச் சேவலை ஊர்ப்பேடுகளோடு விடுபவர், அடுத்த தலைமுறையில் அடைக்கு எந்தப் பேட்டை நம்புவது என்பதையும் முன்னரே எண்ணிவைக்க வேண்டும்.