பழைய வர்ணமும் மணல் வீச்சும்

கான்கிரீட் சுவருக்குப் புதிய வர்ணம் பூச வேண்டுமானால், உரிந்து நிற்கும் பழைய வர்ணத்தை முதலில் அகற்ற வேண்டும். இது எளிய வேலை அன்று. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். வர்ணம் அவற்றுள் இறங்கி இறுகிவிடுகிறது. இரும்புத் தகட்டால் சுரண்டினாலும் உப்புத்தாளால் தேய்த்தாலும் மேலே உள்ளது வரும். துளைக்குள் உள்ளது வராது. இத்தொல்லைக்கு மனிதன் கண்ட வலிய விடைகளுள் ஒன்று மணல் வீச்சு.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்தவர் பெஞ்சமின் சூ டில்மன். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் பணியாற்றியவர். நீராவி அல்லது காற்றின் வேகத்தால் மணலை வீசிக் கடினமான பொருள்களைச் செதுக்கும் முறைக்கு 1870-இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் சித்திரம் பொறிக்கவும், கல்லில் எழுத்து வெட்டவும், வார்ப்பு இரும்பைச் சுத்தம் செய்யவும் அம்முறை பயன்பட்டது. பின்னர் பாலங்கள், கப்பல்கள், கான்கிரீட் சுவர்கள் ஆகியவற்றின் பழைய வர்ணத்தை நீக்கவும் வந்தது.

இதன் தத்துவம் என்ன? பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் பத்து மடங்கானால் ஆற்றல் நூறு மடங்காகும். ஒரு சிறு மணலும் அதிவேகத்தில் மோதும்போது உளியாகிவிடுகிறது.

ஆனால் மோதும் மணல் தானும் உடைகிறது. ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. மணலின் பெரும்பகுதி சிலிகா. அரை மில்லிமீட்டர் மணல் ஆள் உயரத்திலிருந்து ஒரு விநாடிக்குள் தரையைத் தொடும். மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கேயான துகளோ, அசையாத காற்றிலும் விநாடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான் இறங்கும். 2 மீட்டர் இறங்க அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை அது சுவாசிக்கும் காற்றில் மிதக்கிறது. நுரையீரலின் நுண்ணறைகளை அடையும் துகளை விழுங்கும் உயிரணுக்கள் அதைச் செரிக்க இயலாமல் மடிகின்றன. அவ்விடம் தழும்பாகிறது. மூச்சு வாங்கும் திறன் குறைகிறது. இந்நோயே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை.

இத்தாலிய மருத்துவர் அக்கிலே விஸ்கோந்தி இந்நோய்க்கு இப்பெயரை வழங்கியதும் அதே 1870-இல்தான்! கருவியும் அது தரும் நோயின் பெயரும் ஒரே ஆண்டில் தோன்றின. ஆயினும் இரண்டையும் இணைத்துச் சட்டம் செய்யப் பல்லாண்டுகள் ஆயின. தொழிற்சாலைகளில் வார்ப்படம் முதலிய பொருள்களை மணல் வீசித் துப்புரவு செய்வதைப் பிரிட்டன் 1949-இல் இயற்றிய விதிகளால் தடுத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் வீசிய இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்ற பிறகு, 2009-இல் துருக்கி அவ்வேலையைத் தடை செய்தது.

மணலுக்குப் பதிலாக இரும்புக் குண்டுகளையோ உலைக்கசடையோ வீசினால் போதாதா? இரும்புப் பாலத்துக்குப் பெரும்பாலும் போதும். கான்கிரீட்டுக்குப் போதாது. கான்கிரீட்டே மணலால் ஆனது அல்லவா? எதை வீசினாலும் சுவரிலிருந்தே சிலிகா தூசி எழும். எனவேதான் தூசியை நனைத்து அடக்கும் உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சலும், தூசியை உடனுக்குடன் உறிஞ்சும் கருவிகளும் இங்கு முக்கியமாகின்றன. அமெரிக்கா 2016-இல் வகுத்த விதிப்படி, பணியிடத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிகாவுக்கு மேல் இருத்தல் ஆகாது.

பழைய வர்ணத்தில் ஈயமும் இருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் இந்திய விதிகள் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே, வீட்டுச் சுவரைத் தேய்க்கும் முன் அதை நனையுங்கள். குழந்தைகளை அகற்றி வையுங்கள். வேலை செய்பவருக்கு நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி கொடுங்கள். வாயில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. கண்ணுக்குத் தெரியும் தூசியை விட, தெரியாத தூசியே கொடியது.