வெளியே புடைப்பே தெரியாத ஹெர்னியா: 'வாயு'ன்னு விட்டா ஆபத்து ஏன்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு 14 கி.மீ. கிரிவலம் போகும்போது வயிறு இழுத்துப் பிடித்தால், ஒரு சோடா குடித்துவிட்டு நடப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அது வாயுதான். அபூர்வமாக 'உள் ஹெர்னியா'வாகவும் இருக்கலாம்.

தொப்புளிலோ தொடை இடுக்கிலோ வரும் ஹெர்னியாவில் புடைப்பு தெரியும். இதில் தெரியாது. வயிற்றுக்குள்ளேயே சவ்வில் இருக்கும் இடைவெளியில் சிறுகுடல் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குப் பின்னால் உருவாகலாம். பழைய ஆபரேஷனை டாக்டரிடம் மறக்காம சொல்லணும்.

சிக்கிய குடல் தானாக விடுபட்டால் வலியும் போய்விடும். அப்புறம் எடுக்கும் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் வலி இருக்கும்போதே, நரம்பில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுப்பது நல்லது. குடல் ஒரே இடத்தில் மூட்டை கட்டியதுபோல் குவிந்திருப்பதும், ரத்தக்குழாய்கள் சுழல்போல் முறுக்கியிருப்பதும் அதில் தெரியவரும்.

ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். ஆபரேஷனில் குடலை விடுவித்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்து, இடைவெளியைத் தைத்து மூடுவார்கள். அழுகியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கணும்.

வலி விடவில்லை, வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்பிக் காற்றுகூட பிரியவில்லை என்றால் சோடா வேண்டாம், 108-ஐ அழைங்க.