163 அடி எங்கே போனது?

தெர்மோடைனமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஸ்டீம் டேபிளும் அரியரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாடத்துக்குள் 129 ஆண்டுகள் தீராமல் கிடந்த ஒரு கணக்கு வழக்கு இருக்கிறது.

காற்றில் ஒலியின் வேகம் என்ன? முதலில் கணக்குப் போட்டவர் நியூட்டன். 1687-ல் வெளியான 'பிரின்ஸிபியா'வில், காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் மட்டும் வைத்து விடை கண்டார். 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விடை விநாடிக்கு 979 அடி. ஆனால் வில்லியம் டெர்ஹாம் என்ற பாதிரியார், துப்பாக்கி வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து 1142 அடி என்று சொல்லிவிட்டார். 163 அடி துண்டு விழுந்தது!

நியூட்டன் என்ன செய்தார்? காற்றுத் துகள்களின் பருமனுக்குக் கொஞ்சம், கலந்திருக்கும் ஆவிக்குக் கொஞ்சம் என்று சேர்த்து, விடையைச் சரியாக 1142-க்கே கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய மேதை! லேபில் ரீடிங்கைச் 'சரிக்கட்டும்' கலைக்கு அவரும் விலக்கில்லை போலும்.

உண்மைக் காரணத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் பிரான்ஸின் லாப்லாஸ். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுமல்லவா? காற்றைச் சட்டென்று அமுக்கினால் சூடாகும், விரியவிட்டால் குளிரும். (தரைக்காற்று மேலே ஏறும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்வதும் இதனால்தான்.) ஒலி அலை காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூடு, வெளியே பரவுவதற்குள் அலை கடந்துவிடுகிறது. சூடேறிய காற்று இன்னும் பலமாகத் திமிறும், அதனால் ஒலியும் விரைவாகப் போகும். நியூட்டன் வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டார், அங்கேதான் சிக்கல்.

காற்றின் இரு தன்வெப்பங்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் பெருக்கச் சொன்னார் லாப்லாஸ், 1816-ல். இன்று நாம் அறிந்த விகிதம் 1.4, வர்க்கமூலம் 1.18. 0 டிகிரியில் நியூட்டன் வழியில் வருவது 280 மீட்டர். 1.18-ஆல் பெருக்கினால் 331. அளந்தாலும் அதேதான்!

இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்திலிருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1820-21-ல் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒலியை மாதக்கணக்கில் அளந்தார். வெயில் காலத்தில் ஒலி வேகமாகவும் மார்கழிப் பக்கம் மெதுவாகவும் வருவதைக் கண்டார். முடிவுகள் 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன.

எனக்குச் சோறு போடுவது கம்ப்ரஸர். கணக்கும் கேஜும் ஒத்துவராவிட்டால், "ஒரு ஃபேக்டர் போட்டு முடிச்சிடுங்க சார்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். 30 டிகிரி காற்றை ஒரே மூச்சில் எட்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கணக்குப்படி சூடு 270 டிகிரியைத் தாண்டும். குழாயில் படிந்த எண்ணெய்க் கரி தீப்பிடிக்க அது போதும். நடுவில் கூலர் வைத்து இரண்டு கட்டமாக அமுக்குவது அதற்காகத்தான். ஃபேக்டருக்குள் இந்தச் சூட்டை மறைத்தால், அது நெருப்பாகத் திரும்பி வரும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, துண்டு விழுந்தால் ஒட்டுப் போடாதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.