காவலூரில் செத்த கம்ப்யூட்டர்களும் சாகாத ஒரு கோப்பு வடிவமும்

ஜவ்வாது மலை என்றதும் நினைவுக்கு வருவது சந்தனம், தேன், சாமை, பீமன் அருவி. கம்ப்யூட்டர் வரலாறு தேடி அங்கே யாரும் மலை ஏற மாட்டாங்க. ஆனா சாஃப்ட்வேர் பத்தி நாம தினமும் புலம்புறோமே, "புது வெர்ஷன் போட்டதும் பழைய ஃபைல் திறக்கல", "செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல", "அந்த மெஷின்ல ஓடிச்சு, இதுல ஓடல" என்று, அந்தப் புலம்பல் அத்தனைக்கும் நாற்பது வருஷ அனுபவம் அந்த மலையில் இருக்கு. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தைத்தான் சொல்றேன். டெலஸ்கோப்பைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. அதன் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர்களைப் பத்தி இந்தக் குறிப்பு.

முதலில் டெலஸ்கோப்

கொடைக்கானலில் சூரிய ஆய்வு நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. ஆனால் இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று தேடிய வைணு பாப்பு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. டெலஸ்கோப்போடு 1968-ல் வேலை தொடங்கியது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் ஜெனா நிறுவனத்தின் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோதுதான் அதற்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரிய வந்தது. அந்த மறைப்பைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரி 6-ல் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அப்போதுதான் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1972-ல் வந்த சைஸ் டெலஸ்கோப் இன்னும் உயிரோடு இருக்கு. 2022 டிசம்பரில் அதற்குப் பொன்விழா கொண்டாடினாங்க. கண்ணாடிக்கு அவ்வப்போது அலுமினியப் பூச்சு போட்டு, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, பின்னால் மாட்டும் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், ஐம்பது வருஷம் ஓடும். அதே ஐம்பது வருஷத்தில் கம்ப்யூட்டர் உலகத்தில் எத்தனை தலைமுறை வந்து போச்சுன்னு எண்ணிப் பாருங்க.

கம்ப்யூட்டர் எதுக்கு?

கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலத்தில் கம்ப்யூட்டர் அவ்வளவு தேவைப்படவில்லை. தகட்டைக் கழுவி, காய வைத்து, உருப்பெருக்கி வைத்துப் பார்க்கலாம். ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் (எண் 4130). பல சிறுகோள்கள் இப்படிப் புகைப்படத்தில் இடம் மாறும் புள்ளிகளாக, மனிதக் கண்ணால் பிடிபட்டவைதான்.

சி.சி.டி. வந்ததும் நிலைமை மாறியது. புகைப்படத் தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் பிடிக்கும். சி.சி.டி. அதைவிடப் பல மடங்கு பிடிக்கும். ஆனால் அது தருவது படம் இல்லீங்க, எண்களின் பட்டியல். கருவி தானாகச் சேர்க்கும் அடிப்படை மதிப்பைக் கழிக்கணும். அந்தி வானத்தைப் படம் எடுத்து, அதைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் உணர்திறன் வித்தியாசத்தையும் சரிசெய்யணும். நடுவில் வந்து விழுந்த காஸ்மிக் கதிர்களின் தடத்தை நீக்கணும். நிறமாலை என்றால், தெரிந்த அலைநீளமுள்ள விளக்கின் கோடுகளோடு ஒப்பிட்டு அளவுகோல் போடணும். இவ்வளவும் முடிந்தபிறகுதான் அறிவியல் ஆரம்பம்.

இந்த வேலைக்குக் காவலூரில் இருந்தது வேக்ஸ் 11/780. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1977-ல் வெளியிட்ட 32-பிட் இயந்திரம். பீரோ அளவுப் பெட்டிகள், தனி ஏ.சி. அறை. மற்ற கம்ப்யூட்டர்களின் வேகத்தையே "இத்தனை வேக்ஸ்" என்று அளக்கும் அளவுக்குப் பேர் வாங்கியது. இன்று கையில் இருக்கும் மலிவான போன்கூட அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். அந்த வேக்ஸில் நிறமாலை வேலைக்கு ரெஸ்பெக்ட் என்றொரு மென்பொருள் ஓடியது. வாங்கியது இல்லை. டி.பி. பிரபு, ஜி.சி. அனுபமா ஆகிய நம்ம வானியலாளர்களே எழுதியது. அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பேரைப் பார்க்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1024-க்கு 1024 புள்ளி உள்ள சி.சி.டி. படம், புள்ளிக்கு 2 பைட் வீதம், 2 எம்.பி. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 2400 அடி காந்த நாடாச் சுருள் சுமார் 40 எம்.பி. பிடிக்கும். ஆக ஒரு பெரிய சுருளுக்கு இருபது படம். மேகமில்லாத நல்ல இரவு கிடைத்தால் சுருள்கள் நிறையும்.

அப்புறம் என்ன ஆச்சு? டெக் 1998-ல் காம்பாக் கைக்குப் போனது. காம்பாக் 2002-ல் எச்.பி. கைக்குப் போனது. வேக்ஸ் வரிசையே நின்றுபோனது. நாடா படிக்கும் கருவி அபூர்வப் பொருள் ஆனது. உலகத்தின் நம்பர் ஒன் இயந்திரங்களில் ஒன்று, இருபதே வருஷத்தில் காயலான் கடைச் சரக்கு.

ஐராஃப் என்ற தலைவலி

வேக்ஸ் போய் மேசைமேல் வைக்கும் யூனிக்ஸ் இயந்திரங்கள் வந்தபோது, உலகம் முழுக்க வானியலாளர்கள் ஐராஃப் என்ற மென்பொருளுக்குப் போனாங்க. அமெரிக்காவின் டூசான் நகரில் உள்ள தேசிய ஒளியியல் வானாய்வகத்தில் 1980-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. இந்தியாவிலும் வானியல் படித்த ஒரு தலைமுறை முழுக்க அதில்தான் கை பழகியது.

ஐராஃபை எழுதியவர்களின் நோக்கம் நல்ல நோக்கம். எந்த இயந்திரத்திலும் ஓடணும். அதற்காகவே இயங்குதளத்துக்கும் நிரலுக்கும் நடுவில் தங்களுக்கென்று ஒரு அடுக்கு கட்டினாங்க, தங்களுக்கென்று ஒரு நிரல்மொழியே உண்டாக்கினாங்க. இருந்தும் என்ன நடந்தது? 64-பிட் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தத் தனி மொழியே கழுத்தில் கட்டிய கல் ஆனது. முழு எண்ணும் நினைவக முகவரியும் ஒரே அளவு என்ற பழைய நினைப்பு நிரல் முழுக்க ஊறிப்போயிருந்தது. 64-பிட் பதிப்பு வெளிவர 2010 வாக்கில் ஆயிற்று. அதற்குப் பிறகும் பழைய 32-பிட் நூலகங்களைத் தேடித் தேடிப் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம்.

அதன் சொந்தப் பட வடிவம் இன்னொரு கூத்து. ஒரு படத்துக்கு இரண்டு கோப்பு. ஒன்றில் விவரம், மற்றொன்றில் புள்ளிகள். புள்ளிக் கோப்பு எந்த அடைவில் கிடக்கிறது என்ற முழு முகவரியும் விவரக் கோப்புக்குள் எழுதியிருக்கும். அது தெரியாமல் சாதாரணமாக ஒரு கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தினால் தொடர்பு அறுந்துபோகும். தலை இருக்கும், உடம்பு இருக்காது. ஒரு மாணவரின் ஆறு மாத உழைப்பு இப்படி ஒரு நகர்த்தலில் சிக்கலாகும்னா, அந்த எரிச்சலைச் சொல்லணுமா?

2010-களில் அந்த வானாய்வகம் ஐராஃபை வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது தன்னார்வலர்கள் அதை உயிரோடு வைத்திருக்காங்க. புதிய மாணவர்கள் பைதானுக்கும், 2011-ல் தொடங்கிய ஆஸ்ட்ரோபை நூலகத்துக்கும் போயாச்சு.

சாகாதது எது

வேக்ஸ் செத்தது, ரெஸ்பெக்ட் ஓய்ந்தது, ஐராஃப் தள்ளாடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் எடுத்த படம் ஒன்று ஃபிட்ஸ் வடிவத்தில் எழுதப்பட்டு, நாடாவிலிருந்து நல்ல வட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால், இன்றைய எந்த லேப்டாப்பிலும் ஒரு வரிக் கட்டளையில் திறக்கும். இதுதான் விஷயம்.

ஃபிட்ஸ் ஒரு மென்பொருள் இல்லை, ஒரு உடன்படிக்கை. 1979-ல் அமெரிக்க வானியலாளர்கள் டான் வெல்ஸ், எரிக் கிரைசன் ஆகியோர் பேசி முடித்த ஏற்பாடு. 1981-ல் ரான் ஹார்ட்டனையும் சேர்த்துக்கொண்டு கட்டுரையாக வெளியிட்டாங்க. ஒவ்வொரு வானாய்வகமும் ஒவ்வொரு வடிவத்தில் நாடா எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இவங்களுடைய ஏற்பாடு ரொம்ப எளிமை. கோப்பின் தொடக்கத்தில் மனிதர் படிக்கக்கூடிய சாதாரண எழுத்து. வரிக்கு 80 எழுத்து, துளை அட்டைக் காலத்து அளவு. முதல் வரியே "சிம்பிள்" என்ற சொல்லோடுதான் தொடங்கும். எந்தப் பொருள், எந்தத் தேதி, எத்தனை புள்ளி எல்லாம் அந்தத் தலைப்பில் வரும். அப்புறம் எண்கள். கோப்பை 2880 பைட் துண்டுகளாக வெட்டுவாங்க. ஏன் 2880? அன்று இருந்த 16, 32, 36, 48, 60, 64 பிட் இயந்திரங்கள் எல்லாவற்றின் சொல் அளவாலும் மீதியில்லாமல் வகுபடும். யார் வீட்டு மெஷினையும் ஒதுக்கக் கூடாது என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கு.

இன்னொரு விதி இதைவிடப் பெரியது: ஒருமுறை ஃபிட்ஸ் என்றால் எப்போதும் ஃபிட்ஸ். தரத்தை வளர்க்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். ஆனால் எந்த மாற்றமும் ஏற்கெனவே எழுதிய கோப்பைச் செல்லாததாக ஆக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு வெர்ஷன் விற்கும் கம்பெனி எதுவும் மனசார இப்படி ஒரு வாக்கு கொடுக்குமா?

இந்த வடிவத்துக்குச் சர்வதேச வானியல் சங்கம் ஒப்புதல் கொடுத்தது 1982-ல், கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் நடந்த பொது மாநாட்டில். அப்போது சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? வைணு பாப்பு. அந்த மாநாடு நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில்தான், 19-ம் தேதி, மூனிக்கில் மருத்துவமனையில் அவர் இறந்தார். தன் பெயர் தாங்கப் போகும் பெரிய டெலஸ்கோப்பையும் அவர் பார்க்கவில்லை, அதில் பிறக்கப்போகும் கோப்புகளையும் பார்க்கவில்லை.

ஃபிட்ஸ் வானியலோடும் நிற்கவில்லை. கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கு முன் எடுத்த சூரியத் தகடுகளை டிஜிட்டல் ஆக்கியபோது அதே வடிவம்தான். வாடிகன் நூலகம் தன் பழைய கையெழுத்துப் படிகளைப் படம் எடுத்துக் காக்கவும் ஃபிட்ஸையே தேர்ந்தெடுத்தது. எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது, விவரமும் கோப்புக்குள்ளேயே எழுத்தில் இருக்கு என்பதுதான் காரணம்.

நம்ம மேசைக்கு வருவோம்

வானியலாளர்கள் நாடாவுக்குச் செய்த ஏற்பாட்டை, நாம நம்ம எழுத்துக்குச் செய்ய எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்க. 1980-களிலும் 90-களிலும் தமிழில் டைப் செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தாங்க. உதாரணத்துக்கு பாமினி. அதில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பில் உண்மையில் பதிவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேஷம். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ஐராஃப் படத்தில் தலை ஒரு இடம், உடம்பு ஒரு இடம் என்று இருந்ததே, அதே கதைதான்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. மடற்குழுக்களில் டிஸ்கி ஓடியது. யூனிகோடில் 1991-ன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது. நடுவில் போன வருஷங்களில் எழுதிய ஊர் வரலாறுகள், ஆய்வேடுகள், நூல்களின் மூலக் கோப்புகள் எத்தனை எழுத்துரு தெரியாமல் வட்டுகளில் கிடக்குமோ.

யூனிகோடில் தமிழை அடுக்கிய விதம் பத்திப் பலருக்கு நியாயமான குறை உண்டு. உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை, வரிசை சரியில்லை என்று. நானும் அதை மறுக்கல. ஆனா அதிலும் ஃபிட்ஸ் மாதிரியே ஒரு வாக்கு இருக்கு: ஒருமுறை கொடுத்த எழுத்தின் இடத்தை மாற்ற மாட்டோம், நீக்க மாட்டோம். அழகான அடுக்கைவிட மாறாத அடுக்கு முக்கியம் என்பது காவலூர் சொல்லும் பாடம்.

அதனால எந்த இயங்குதளம் உசத்தி, எந்த எடிட்டர் உசத்தி என்று டீக்கடைச் சண்டை போடுறதில் எனக்கு இப்பல்லாம் ஆர்வம் இல்லை. எல்லாமே ஒருநாள் சாகப்போற ஜாதிதான். ஒரு சாஃப்ட்வேரை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: நான் உள்ளே போட்டதை, இதைச் செஞ்சவன் இல்லாத காலத்தில் வேறொருத்தர் வேறொரு மெஷினில் எடுக்க முடியுமா? ஆமாம்னா தாராளமா பயன்படுத்துங்க. இல்லைன்னா யூனிகோடில், வெறும் எழுத்துக் கோப்பாக இன்னொரு படி எடுத்து வைங்க. வீட்டில் பழைய சிடி, ஃப்ளாப்பி ஏதாவது இருந்தா, படிக்கிற கருவி ஊரில் ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்கும்போதே அந்த வேலையை முடிச்சிடுங்க.